இபாடான் நாடக சாலை

கட்டடங்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கத்தைச் சற்றுக் கூர்ந்து கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். பணம் கொடுத்தவர் பெயர் முதலில் வரும். பதவியில் இருந்தவர் பெயர் அதற்கு அடுத்தபடியாக வரும். அந்தக் கட்டடத்துக்குள்ளே நடக்கிற காரியத்துக்காக உடம்பையும் உயிரையும் தேய்த்துக் கொண்டவனுடைய பெயர் அநேகமாக வருவதே இல்லை. நாடகக்காரன் விஷயத்தைக் கேட்கவே வேண்டாம். அவன் பெயர் சுவரில் ஒட்டிய விளம்பரத்தில் வரும். ஒரு மழை பெய்தால் போய்விடும்.

இந்த வழக்கத்துக்கு ஒரு விலக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா தேசத்தில் இருக்கிறது. அத்தேசத்து இபாடான் ஸர்வகலாசாலையின் எல்லைக்குள்ளே ஒரு நாடக சாலை உண்டு. 1955-ம் வருஷத்தில் திறக்கப்பட்ட அது வெகுகாலம் வரையில் ‘ஆர்ட்ஸ் தியேட்டர்’ என்ற சாதாரணப் பெயருடன் இருந்து வந்தது. இப்போது அதன் பெயர் ‘வோலே ஸோயிங்கா தியேட்டர்’. 1986-ம் வருஷத்தில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றாரே, அதே ஸோயிங்காதான். ஆப்பிரிக்கக் கறுப்பர் ஒருவருக்கு இலக்கியத்துக்காக அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. அந்தக் கலாசாலையில் 1952 முதல் 1954 வரை அவர் மாணவராக இருந்தவர். பிற்பாடு அங்கிருந்த நாடகப் பள்ளிக்கே தலைவராக வந்தவர். வந்த வருஷத்திலேயே அவரைச் சர்க்கார் பிடித்துச் சிறையில் போட்டார்கள்.

ஆகவே, இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது என்பதை நேயர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள்.

இபாடான் என்பது யொரூபா மக்கள் வாழும் பெருநகரம். குன்றுகளின் மேலும் சரிவுகளிலும் துருவேறிச் சிவந்த தகரக் கூரைகள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும். இரண்டாவது உலக யுத்தம் நடந்து கொண்டிருந்தபோதே, 1943-ல், மேற்கு ஆப்பிரிக்காவில் உயர்தரக் கல்விக்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்று ஆராய்வதற்கு ஆங்கிலேய சர்க்கார் ஒரு கமிஷனை நியமித்தார்கள். கமிஷன் கூடியது, பிரயாணம் செய்தது, 1945-ல் அறிக்கை சமர்ப்பித்தது. கமிஷன்கள் அதோடு நின்று விடுவதுதான் உலக வழக்கம். இந்தக் கமிஷன் விஷயத்தில் அதிசயமாக ஏதோ நடக்கவும் செய்தது. 1948-ல் இபாடானில் ஒரு கலாசாலை ஏற்பட்டது. ஆனால் அது லண்டன் ஸர்வகலாசாலையின் கைக்குழந்தையாகப் பிறந்தது. பாடத்திட்டத்துக்கு லண்டனின் சம்மதம் வேண்டும். கிடைக்கும் பட்டமும் லண்டன் பட்டந்தான். 1962-ம் வருஷ முடிவில்தான் அது தனி ஸர்வகலாசாலையாயிற்று. அதற்குள் தேசம் சுதந்திரம் பெற்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

முதலில் ஒரு பழைய ராணுவ ஆஸ்பத்திரியின் கட்டடங்களில் வகுப்புகள் நடந்தன. பிறகு புதிய இடத்தில் பெரிய கட்டடங்கள் எழும்பின. அவற்றுக்குத் திட்டம் வரைந்தவர்கள் மாக்ஸ்வெல் பிரை, ஜேன் ட்ரூ என்னும் ஆங்கிலேயத் தம்பதிகள். நமக்கும் இவர்கள் அன்னியர் அல்ல. பஞ்சாபுக்குப் புதிய தலைநகராகச் சண்டிகார் நிர்மாணிக்கப்பட்டபோது லெ கார்புசியேயுடன் சேர்ந்து வேலை செய்தவர்கள். இபாடானில் அவர்கள் கட்டிய சுவர்களில் பாதி சுவரே அல்ல, சிமெண்டு ஜாலிகள். வெயில் வெளியே நிற்கும். காற்று உள்ளே வரும்.

அந்தக் கலாசாலையின் விடுதிகளுக்கு இட்ட பெயர்களைப் பார்த்தால் அக்காலத்து மனோபாவம் நன்றாக விளங்கும். ஒரு விடுதிக்கு மெல்லன்பி என்று பெயர். அவர் முதல் பிரின்ஸிபாலாக இருந்த துரை. இன்னொன்றுக்கு டெடர் என்று பெயர். அவர் ஆங்கிலேய விமானப் படையின் பெரிய தளபதி. மூன்றாவது விடுதிக்குக் குட்டி என்று பெயர். குட்டி என்றதும் நேயர்கள் சிறிய விடுதி என்று எண்ணிவிடக் கூடாது. ரான்ஸம்-குட்டி என்பது யொரூபா நாட்டில் பெயர் பெற்ற ஒரு குடும்பம். மேலே சொன்ன கமிஷனில் அங்கம் வகித்த ஆப்பிரிக்கர்களில் பாதிரியார் ரான்ஸம்-குட்டியும் ஒருவர். அவருடைய மனைவி பன்மிலாயோ அம்மையார் 1947-ம் வருஷத்தில் அபேயோகூட்டா நகரத்துப் பெண்களைத் திரட்டி, பெண்கள் மீது சுமத்தப்பட்ட வரியை எதிர்த்துப் பெரும் கிளர்ச்சி நடத்தினார். சந்தையில் காய்கறி விற்கும் ஸ்திரீகள் ஆயிரக்கணக்கில் அரண்மனை வாசலை முற்றுகையிட்டார்கள். 1949-ல் அந்நகரத்து அரசர் முடி துறந்து ஊரை விட்டுப் போக நேர்ந்தது.

அந்தக் கிளர்ச்சியின்போது பெரியவர்களின் கூட்டங்களுக்கிடையே அங்குமிங்கும் செய்தி சுமந்து ஓடிய ஒரு சிறுவன் இருந்தான். அவனுடைய தாயார் ரான்ஸம்-குட்டி குடும்பத்தைச் சேர்ந்தவர். தகப்பனார் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். பிற்காலத்தில் அந்தப் பையன் தன் பாலியத்தைப் பற்றி ‘ஆக்கே’ என்ற புத்தகத்தில் எழுதியபோது, கடைசிப் பகுதியில் இந்தப் பெண்கள் கிளர்ச்சியையே விரிவாகச் சொன்னான். வோலே ஸோயிங்காவுக்கு அரசியலில் அட்சராப்பியாசம் செய்து வைத்தவர்கள் அபேயோகூட்டாச் சந்தைப் பெண்கள் என்று சொன்னால் அதில் பிசகு ஒன்றும் இல்லை.

1952-ல் அவர் இபாடான் கலாசாலையில் சேர்ந்தார். ஆங்கில இலக்கியமும் கிரேக்க பாஷையும் சரித்திரமும் படித்தார். சினுவா அச்சிபீ, கிறிஸ்டபர் ஒகிக்போ, ஜே. பி. கிளார்க் முதலிய, பின்னால் பெயர் பெற்ற எழுத்தாளர்கள் அந்தப் பத்து வருஷ காலத்தில் அங்கே படித்தவர்கள்தான். கலாசாலை மாணவர்களில் பலர் துரைமார்களைப் போல உடுத்தி, துரைமார்களைப் போலப் பேசி, பட்டம் பெற்றதும் துரைமார்களின் நாற்காலியில் உட்காரத் தயாராகிக் கொண்டிருந்தார்கள். இதைப் பரிகசிப்பதற்கென்று ஸோயிங்காவும் இன்னும் ஆறு பேரும் சேர்ந்து ‘கடற்கொள்ளைக்காரர் சங்கம்’ என்று ஒன்றை ஸ்தாபித்தார்கள். வேடிக்கையாக ஆரம்பித்த காரியந்தான். ஆனால் பிற்காலத்தில் அதைப் பார்த்து முளைத்த வேறு பல ரகசியக் கூட்டங்கள் நைஜீரியக் கலாசாலைகளில் அடிதடியிலும் கொலையிலும் இறங்கின. விதைத்தவர்கள் நினைத்தபடியே பயிர் விளைவதில்லை.

மாணவராக இருந்தபோதே அவர் ரேடியோவுக்காக ஒரு சிறு நாடகம் எழுதினார். 1954-ல் அது ஒலிபரப்பாயிற்று. அதே வருஷத்தில் இங்கிலாந்திலுள்ள லீட்ஸ் ஸர்வகலாசாலைக்குப் போய்விட்டார். அவர் போன மறுவருஷந்தான் இபாடானில் நாடக சாலை திறக்கப்பட்டது! அதாவது, இன்று எந்த மாணவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த மாணவர் மாணவராக இருந்த காலத்தில் அந்த மேடையில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. இருந்தால்தானே வைப்பதற்கு?

நாடக சாலை ஒன்றும் பிரமாதமான மாளிகை அல்ல. முன்புறம் படுதா, அதற்குப் பின்னால் பெட்டி போன்ற மேடை, எதிரே வரிசை வரிசையாக நாற்காலிகள். இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்தில் எப்படி இருக்குமோ அப்படி. அதில் நடந்த நாடகங்களும் ஆரம்பத்தில் பெரும்பாலும் ஐரோப்பிய நாடகங்களே. ஆசிரியர்கள் உற்சாகிகள், நாடகத்தில் உண்மையான பற்றுள்ளவர்கள். குற்றம் அவர்கள் மீது அல்ல. ஆனால் கலாசாலையின் வேலிக்கு வெளியே அதே தேசத்தில் நாடகம் வேறு விதமாகத் தழைத்துக் கொண்டிருந்தது என்பதை உள்ளே இருந்தவர்கள் அவ்வளவாகப் பாராட்டவில்லை.

வெளியே நடந்தது என்னவென்றால், ஹ்யூபர்ட் ஒகுண்டே என்பவர் போலீஸ் உத்தியோகத்தை விட்டுவிட்டு ஒரு நாடகக் கம்பெனி ஏற்படுத்தியிருந்தார். கம்பெனி லாரியில் ஊர் ஊராகப் போகும். பாட்டும் ஆட்டமும் மத்தளமும் நிறைந்த யொரூபா நாடகங்கள். 1945-ல் நடந்த பொது வேலைநிறுத்தத்தை வைத்தே அவர் ‘வேலைநிறுத்தமும் பசியும்’ என்று ஒரு நாடகம் போட்டார். ஆங்கிலேய அதிகாரிகள் சில இடங்களில் அதற்குத் தடை விதித்தார்கள். சுதந்திரம் வந்த பிறகு 1964-ல் அவர் போட்ட இன்னொரு நாடகத்துக்கு மேற்குப் பிரதேசத்தின் சுதேசி சர்க்காரே தடை விதித்தார்கள். அதிகாரிகளின் நிறம் மாறினாலும் நாடகக்காரனைக் கண்டால் வரும் நடுக்கம் மாறுவதில்லை. நடிகைகள் கம்பெனியை விட்டு விலகிப் போவது பெரிய தொல்லையாக இருந்ததால் ஒகுண்டே அவர்களையே ஒவ்வொருவராக மணந்து கொண்டார் என்பதும் அவருடைய சரித்திரத்தில் ஒரு பகுதி. இந்த நிர்வாக முறையை நாம் சிபாரிசு செய்யவில்லை.

லாரியில் போன நாடகத்துக்கும் கலாசாலைப் படுதாவுக்குப் பின்னால் இருந்த நாடகத்துக்கும் நடுவில் இருந்த வேலியில் முதல் திறப்பு 1959-ல் ஏற்பட்டது. அந்த வருஷத்தில் இபாடான் மாணவர்களின் நாடக சபையார் ஒரு பழைய மாணவர் எழுதிய இரண்டு நாடகங்களை ஆர்ட்ஸ் தியேட்டரில் நடித்தார்கள். நாடகாசிரியர் அப்போது லண்டனில் இருந்தார். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய நாடகங்கள் வந்து சேர்ந்தன.

ஒன்று, ‘சதுப்பு நிலவாசிகள்’. நைஜர் நதியின் கழிமுகத்தில் ஒரு கிழத் தம்பதிகள். பட்டணத்துக்குப் பிழைக்கப் போன மகன் அங்கே எல்லாவற்றையும் இழந்து திரும்புகிறான். வந்து பார்த்தால் ஊரில் பயிரெல்லாம் வெள்ளத்தில் அழிந்து கிடக்கிறது. சதுப்பு நிலத்துச் சர்ப்ப தெய்வத்துக்கு என்று எல்லோரும் காணிக்கை கொடுத்தார்கள். அதை வாங்கிய பூசாரி மட்டும் கொழுத்திருக்கிறார். கிழவனுடைய தொழில் க்ஷவரம். பூசாரி முகம் மழித்துக் கொள்ள நாற்காலியில் வந்து உட்காருகிறார். மகன் கத்தியைக் கையில் எடுத்துக் கொண்டு, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கத் தொடங்குகிறான். கழுத்தில் கத்தி இருக்கும்போது பூசாரி என்ன பதில் சொல்வார்? நாடகம் முழுவதும் இந்த ஒரு நாற்காலியைச் சுற்றியே நடக்கிறது. சாமான் செலவு மிகக் குறைவு.

மற்றொன்று, ‘சிங்கமும் மாணிக்கமும்’. இது ஹாஸ்யம். கிராமத்தில் ஸீடி என்று ஓர் அழகி. அவளைக் காதலிக்கிற பள்ளிக்கூட வாத்தியார் புதுமை மோகம் பிடித்தவர். பெண்ணுக்குப் பரியம் கொடுப்பது காட்டுமிராண்டித்தனம் என்று பிரசங்கம் செய்கிறார். ஸீடியோ, பரியம் இல்லாமல் கல்யாணம் செய்து கொண்டால் ஊர் தன்னைப் பற்றி என்ன பேசும் என்று கேட்கிறாள். இதற்கிடையில் பட்டணத்துப் பத்திரிகை ஒன்றில் அவளுடைய படம் பெரிதாக வருகிறது. ஊர்த் தலைவரின் படமோ ஒரு மூலையில், கக்கூசுக்குப் பக்கத்தில், தபால் தலை அளவில் வருகிறது. தலைவருக்கு வயது அறுபத்திரண்டு. கிழச் சிங்கம் சும்மா இருக்குமா? தந்திரம் செய்து மாணிக்கத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறது. நம் பெண்மணிகளுக்கு இந்த முடிவு ரசிக்காது. உள்ளபடி சொன்னால் எனக்கும் ரசிக்கவில்லை. ஆனால் அந்த வாத்தியாரைப் பார்த்து இபாடான் மாணவர்கள் சிரித்திருந்தால், அந்தச் சிரிப்பில் பாதி தங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். ஆங்கிலப் புத்தகத்தை அரைகுறையாக விழுங்கி, சொந்த ஊரை ஏளனம் செய்கிறவர் அந்த வாத்தியார். மேடையின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவர் நெருங்கிய சொந்தக்காரர்!

இந்த இரண்டு நாடகங்களும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவையே. ஆயினும் அதில் பேசியவர்கள் யொரூபா நாட்டு ஜனங்கள். நடுவே வந்த ஆட்டமும் மேளமும் அவர்களுடையவை. லண்டன் பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருந்த கலாசாலையில், தங்களில் ஒருவன் எழுதியது மேடையேறும், நன்றாகவும் இருக்கும் என்பது அன்று தெரிந்தது. அந்த மேடைக்கு இன்று இருக்கும் பெயரின் நியாயம் நோபல் பரிசில் இல்லை, 1959-ம் வருஷத்து அந்த நாடகங்களில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

1960-ம் வருஷ ஆரம்பத்தில் ஸோயிங்கா தாய்நாட்டுக்குத் திரும்பினார். ராக்பெல்லர் நிதியிலிருந்து கிடைத்த உதவித் தொகையைக் கொண்டு, ஒரு லாண்ட்ரோவர் வண்டியில் ஏறி, ஊர் ஊராகப் போய்த் திருவிழாக்களையும் கூத்துக்களையும் பார்த்தார். அந்த வருஷம் அக்டோபர் முதல் தேதி நைஜீரியா சுதந்திரம் பெற்றது. அந்த வைபவத்தை ஒட்டி அவர் எழுதி நடித்த நாடகம் ‘வனங்களின் நடனம்’. சுதந்திர விழாவுக்கு நாடகம் என்றால் எப்படி இருக்க வேண்டும்? பழம்பெருமை, வீர மூதாதையர், கொடி, மங்களம்! ஸோயிங்கா என்ன செய்தார்? கதையில் ஜனங்கள் தங்கள் விழாவுக்குப் புகழ் பெற்ற முன்னோர்களை அனுப்பி வைக்கும்படி வேண்டுகிறார்கள். வந்து சேர்கிறவர்களோ அந்தப் பழைய பெருமைமிக்க அரசனாலேயே அநியாயம் செய்யப்பட்ட ஒரு போர்வீரனும் அவனுடைய கர்ப்பிணி மனைவியும்! அவர்களை யாரும் உபசரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்கள். விழாக் கொண்டாடியவர்களில் பலருக்கு இது கசந்தது. ஆனால் ஏழே வருஷத்தில் அத்தேசம் உள்நாட்டு யுத்தத்தில் விழுந்ததை நினைக்கும்போது, விழாவுக்கு வந்த அந்த வேண்டாத விருந்தாளிகள் சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்று தோன்றுகிறது.

இதற்கிடையில் இபாடானில் ஆர்ட்ஸ் தியேட்டரை மையமாக வைத்து, ராக்பெல்லர் நிதியின் உதவியுடன், ஒரு நாடகப் பள்ளி உருவாயிற்று. ஜெப்ரி ஆக்ஸ்வொர்தி என்ற ஆங்கிலேயர் அதன் முதல் தலைவர். அந்தப் பள்ளிக்காரர்கள் ஆரம்பத்திலேயே செய்த நல்ல காரியம், கோலா ஒகுன்மோலா என்ற நாடகக்காரரைச் சில மாதம் கலாசாலைக்கு வரவழைத்துத் தங்க வைத்ததுதான். அவர் முன்னாளில் பள்ளிக்கூட ஆசிரியர். பிறகு சொந்தக் கம்பெனி வைத்து யொரூபா பாஷையில் நாடகம் நடத்தி வந்தவர். அவர் எடுத்துக் கொண்ட கதை ‘கள்ளுக் குடியன்’. அதை எழுதிய அமோஸ் டுடுவோலா அதிகம் படிக்காதவர். சர்க்கார் ஆபீஸில் சேவகராக இருந்தவர். 1952-ல் லண்டனில் அந்தப் புத்தகம் வெளியானபோது படித்த நைஜீரியர்களில் பலர் அதன் இலக்கணப் பிழைகளைக் கண்டு வெட்கப்பட்டார்கள். ஆபீஸ் சேவகர் எழுதிய கதையை, லாரிக் கம்பெனி நடத்தியவர் யொரூபாவில் நாடகமாக்கி, 1963-ல், கிரேக்க நாடகங்களுக்குப் பழகிய அந்தக் கலாசாலை மேடையிலேயே நடித்துக் காட்டினார்! செத்துப்போன கள் இறக்குபவனைத் தேடி யமலோகத்துக்கே பிரயாணம் போகிற குடியனாக ஒகுன்மோலாவே வேஷம் போட்டார். அந்த நாடகம் பிறகு பல வருஷ காலம் நைஜீரியாவெங்கும் கொண்டாடப்பட்டது.

வேலியின் திறப்பு வழியாக உள்ளே வந்தது போலவே வெளியேயும் போனார்கள். மாணவர்கள் விடுமுறையில் லாரிகளில் ஏறிப் பிரயாண நாடகம் நடத்தினார்கள். மோலியேரின் கதைகூட நைஜீரியச் சட்டை போட்டுக் கொண்டு புறப்பட்டது. இப்படிப் பிரயாணம் போன மாணவர்களில் கென் ஸாரோ-விவா என்பவரும் ஒருவர். பிற்காலத்தில் அவர் எழுத்தாளரானார். தம் ஒகோனி இனத்தாரின் நிலத்தையும் ஆற்றையும் எண்ணெய்க் கம்பெனிகள் பாழாக்குவதை எதிர்த்துப் போராடினார். 1995-ம் வருஷம் நவம்பர் மாதம் ராணுவ சர்க்கார் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

இனி, சிறைக் கதைக்கு வருவோம்.

1965-ல் மேற்குப் பிரதேசத்தில் ஒரு தேர்தல் நடந்தது. வாக்குகள் விழுந்த விதத்தை விட எண்ணப்பட்ட விதமே விசித்திரமாக இருந்தது. பிரதம மந்திரி ரேடியோவில் வெற்றிப் பிரசங்கம் செய்ய வேண்டிய நேரத்தில், இபாடான் ரேடியோ நிலையத்துக்குள் துப்பாக்கியுடன் ஒரு மனிதர் நுழைந்து, பிரசங்கத்தின் ஒலிநாடாவுக்குப் பதிலாக வேறொரு நாடாவைப் போடச் செய்தார். நாட்டை விட்டு ஓடிப் போ என்று பிரதம மந்திரிக்குச் சொல்லும் குரல் ஊரெங்கும் கேட்டது. ஸோயிங்கா மீது வழக்குத் தொடர்ந்தார்கள்; கோர்ட்டு அவரை விடுதலை செய்தது.

1967-ல் அவர் இபாடான் நாடகப் பள்ளியின் தலைவராக நியமிக்கப்பட்டார். ஆக்ஸ்வொர்தி இருந்த இடத்துக்கு அந்த மண்ணிலேயே பிறந்த ஒருவர் வந்தார். ஆனால் அந்த வருஷம் ஜூலையில், கிழக்குப் பிரதேசம் ‘பயாப்ரா’ என்ற பெயருடன் பிரிந்ததைத் தொடர்ந்து, யுத்தம் மூண்டது. ஸோயிங்கா யுத்தத்தை நிறுத்தப் பாடுபட்டார். ஆகஸ்டு மாதம் எதிர்த்தரப்புத் தலைவரைப் போய்ச் சந்தித்துப் பேசிவிட்டுத் திரும்பினார். உடனே கைது செய்யப்பட்டார். விசாரணை கிடையாது, தண்டனைத் தீர்ப்பும் கிடையாது. 1969 அக்டோபரில்தான் வெளியே வந்தார். அந்தக் காலத்தில் பெரும் பகுதியைத் தனிக் கொட்டடியில் கழித்தார். புத்தகமும் காகிதமும் மறுக்கப்பட்டன. கழிவறைக் காகிதத்திலும், சிகரெட்டுப் பெட்டி அட்டையிலும், எப்படியோ கைக்கு வந்த புத்தகங்களின் வரிகளுக்கு நடுவிலும், தாமே காய்ச்சிய மையினால் எழுதினார். அவையே பிறகு கவிதைகளாகவும், 1972-ல் ‘அந்த மனிதன் இறந்தான்’ என்ற சிறைக் குறிப்பாகவும் வெளிவந்தன. அவரோடு இபாடானில் பழகிய கவி ஒகிக்போ அதே 1967-ல் பயாப்ராவின் தரப்பில் போரிட்டு மாண்டார்.

இங்கே ஒரு வேடிக்கையான உபகதை உண்டு. ஸோயிங்காவைச் சிறை வைத்த ராணுவ ஆட்சித் தலைவர் ஜெனரல் கோவன்; அவரும் 1934-ல் பிறந்தவரே, ஸோயிங்காவை விடச் சில மாதம் இளையவர். 1975-ல் அவரை வேறு ராணுவ அதிகாரிகள் கவிழ்த்துவிட்டார்கள். அவர் இங்கிலாந்துக்குப் போய், வார்விக் ஸர்வகலாசாலையில் ராஜீய சாஸ்திரம் படிக்கும் மாணவராகச் சேர்ந்து டாக்டர் பட்டம் பெற்றார்! நாடகப் பள்ளித் தலைவர் கைதியானார். சிறையில் அடைத்தவர் மாணவரானார். நாடகத்தில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

சிறையிலிருந்து வெளியே வந்தவர் நேராகத் தம் பழைய வேலைக்கே திரும்பினார். நாடகப் பள்ளி 1970-ல் நாடகக் கலை இலாகாவாக மாறியது. அந்தச் சமயத்தில் அவர் எழுதிய நாடகம் ‘பித்தர்களும் நிபுணர்களும்’. யுத்தத்துக்கு டாக்டராகப் போன ஒருவன் ஒற்றர் இலாகா அதிகாரியாக மாறித் திரும்புகிறான். உயிரைக் காக்கக் கற்ற கல்வியைச் சித்திரவதைக்குப் பயன்படுத்துகிறான். கடைசியில் பெற்ற தகப்பனையே சுட்டுக் கொல்கிறான். இபாடான் குழுவினர் 1970-ல் அமெரிக்காவில் அதை நடித்தார்கள். மறுவருஷம் ஆர்ட்ஸ் தியேட்டரில் அது நடந்தபோது யுத்தம் முடிந்து ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. அதே ராணுவ சர்க்கார் பதவியில் இருந்தார்கள். எழுதியவரை உள்ளே தள்ளியவர்களும் அவர்களே. அந்தச் சின்னப் பெட்டி மேடையில் அன்று நின்று பேசிய இளைஞர்களின் நெஞ்சுரத்தைப் பற்றி விசேஷமாகச் சொல்ல வேண்டியதில்லை. சில மாதங்களில் ஸோயிங்கா தேசத்தை விட்டு வெளியேறினார். பிறகு இபாடான் உத்தியோகத்தையும் ராஜினாமாச் செய்தார்.

அதன் பிறகு நடந்தவையெல்லாம் உலகமறிந்தவை. சில வருஷம் அயல்நாட்டு வாசம், இபே நகரத்து ஸர்வகலாசாலையில் ஆசிரியர் பதவி, நோபல் பரிசு, பிறகு மறுபடியும் ஒரு ராணுவ ஆட்சி. 1994-ல் அறுபது வயதில், மோட்டார் சைக்கிளின் பின்புறம் அமர்ந்து காட்டு வழியாக எல்லை தாண்டி உயிர் தப்பினார். 1997-ல் அவர் இல்லாதபோதே ராஜத்துரோகக் குற்றம் சாட்டினார்கள். அந்தச் சர்வாதிகாரி இறந்த பிறகு 1998-ல்தான் ஊர் திரும்ப முடிந்தது.

இப்படிப்பட்டவருடைய பெயரைத்தான் இபாடான் ஸர்வகலாசாலையார் தங்கள் நாடக சாலைக்குச் சூட்டியிருக்கிறார்கள். மெல்லன்பி, டெடர் என்று துரைமார்களின் பெயரில் ஆரம்பித்த கலாசாலை, தன்னிடம் படித்த ஒரு பிள்ளையின் பெயருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இதோடு போகவில்லை. லாகோஸ் நகரத்தில் தேசீய நாடக சாலை என்று ஒரு பிரம்மாண்டமான கட்டடம் இருக்கிறது. 1976-ல் ராணுவ ஆட்சியின்போது கட்டி முடிக்கப்பட்டது. அதன் பிரதான மண்டபத்தில் 5,000 பேர் உட்காரலாம். தூரத்திலிருந்து பார்த்தால் அது ராணுவ அதிகாரியின் தொப்பியைப் போலவே இருக்கும்! 2024-ம் வருஷம் ஜூலையில், ஸோயிங்காவின் தொண்ணூறாவது பிறந்த நாளை ஒட்டி, அந்தக் கட்டடத்துக்கும் அவர் பெயரை வைப்பதாக ஜனாதிபதி அறிவித்தார். புதுப்பிக்கப்பட்ட கட்டடம் 2025 அக்டோபர் முதல் தேதி, சுதந்திர தினத்தன்று, திறக்கப்பட்டது. பொதுக் கட்டடங்களுக்குப் பெரிய மனிதர்களின் பெயரை வைக்கும் பழக்கத்தைத் தாமே முன்பு கண்டித்திருக்கிற ஸோயிங்கா, சற்றுத் தயக்கத்துடன்தான் இந்தக் கௌரவத்தை ஏற்றுக் கொண்டார். தம்மைச் சிறையில் வைத்த ராணுவத்தின் தொப்பிக்குத் தம் பெயர் வந்ததை எண்ணி உள்ளூர நகைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

இபாடானில் உள்ளது அவ்வளவு பெரியது அல்ல. நாடகக் கலை படிக்கும் மாணவர்கள் தாங்களே நாடகம் தயாரித்து, தாங்களே நடித்து, அதற்கே பரீட்சை மதிப்பெண் பெறுகிற இடம் அது. ஒத்திகை பார்க்கிற பையன்களில் யாராவது ஒருவன் கையில் க்ஷவரக் கத்தியைப் பிடித்துக் கொண்டு, நாற்காலியில் சாய்ந்திருக்கும் பூசாரியைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவன் குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை. கடைசி வரிசை வரையில் கேட்கும்.